கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

நீங்கள் யாரும் பிறந்திராத 1970-களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இன்று நாம் இயல்பாக அனுபவிக்கும் உரிமைகளில் சில அந்தப் பத்தாண்டில் கைநழுவிப் போய், மறுபடி மீட்கப்பட்டவை. அந்தக் கதையில் உங்களைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1972-ல் மழை பொய்த்தது. 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. அரிசி, கோதுமை, கடலை எண்ணெய் என எல்லாமே எட்டாத விலைக்குப் போயின. அந்த டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரியில் மெஸ் கட்டணத்தை 20 சதவீதம் உயர்த்தினார்கள். மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். விடுதிக்குள் மூண்ட கோபம் தெருவுக்கு வந்து, 'நவநிர்மாண்' இயக்கமாக வளர்ந்தது. பிப்ரவரி 1974-ல் குஜராத் முதலமைச்சர் சிமன்பாய் படேல் பதவி விலகினார். அடுத்த மாதம் சட்டமன்றமே கலைக்கப்பட்டது. அந்த மாணவர்களில் பலருக்கு அன்று ஓட்டுரிமைகூடக் கிடையாது. வாக்களிக்கும் வயது அப்போது 21. அது 18 ஆனது 1989-ல்தான்.

குஜராத்தைத் தொடர்ந்து பீகார் மாணவர்களும் போராட்டத்தில் இறங்கி, மூத்த தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணைத் தலைமை தாங்க அழைத்தார்கள். மே 1974-ல் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது.

அந்த இரவிலிருந்து நாட்டை ஆண்டவை கையெழுத்துகள்தான் என்பது என் எண்ணம். விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் ஒருவரை உள்ளே தள்ள ஓர் அதிகாரியின் கையெழுத்துப் போதும். டெல்லியில் பெயர்கூட நிரப்பாத உத்தரவுகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக்கு அந்த வெப்பம் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதன்பின் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னாளில் விசாரித்தது. அடிபட்டவர்களில் ஒருவரான சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரோடு மீளவில்லை.

கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் ராஜன் என்று ஒரு மாணவர் இருந்தார். இறுதியாண்டு. 1976 மார்ச் முதல் தேதி காவல்துறை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் என்ற இடத்தில் போலீஸ் முகாம் இருந்தது. பிடித்து வந்தவர்களைப் பெஞ்சில் படுக்கவைத்து, தொடைமேல் உலக்கையை வைத்து உருட்டுவது அங்கே விசாரணை முறை. ராஜனின் அப்பா ஈச்சர வாரியர் ஓர் இந்திப் பேராசிரியர். மகன் பிடிபட்டதை அவருக்குத் தெரிவித்தவர் அந்தக் கல்லூரியின் முதல்வர். பதிவுத் தபாலில் கடிதம் எழுதினார். அந்த நாட்களில் அப்படி எழுதுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை யோசித்துப் பாருங்கள். வாயால் சொல்லியிருந்தால் போதும். சொல்லாமலே இருந்திருந்தாலும் கேட்பார் இல்லை.

ஓராண்டு முழுவதும் வாரியர் ஏறாத படி இல்லை. நெருக்கடி நிலை விலகிய சில நாட்களிலேயே கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சாதித்தது. நீதிமன்றம் கல்லூரிக்காரர்களின் சாட்சியத்தை நம்பியது. அதனால், நெருக்கடி நிலையின்போது கேரளத்தின் உள்துறையை வைத்திருந்த கருணாகரன், முதலமைச்சராகி ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

கலை இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதிகாரமும் கலையைச் சும்மா விடவில்லை. 'ஷோலே' படத்தில் கைகளை இழந்த தாக்கூர் கப்பர் சிங்கைத் தன் கால்களாலேயே கொல்வதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். தணிக்கைக்காரர்கள் தலையிட்டார்கள், போலீஸ் வந்து கைது செய்வதாக முடிவு மாறியது. 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் நடித்த சிநேகலதா ரெட்டி, சென்னையின் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆஸ்துமா நோயாளியான அவரைப் பெங்களூர் சிறையில் பல மாதங்கள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்துபோனார். காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பனைப் பற்றி ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி'யை மட்டும் அவசியம் பாருங்கள். ராஜன் கதையின் நிழல் அதில் முழுக்க விழுந்திருக்கிறது.

மார்ச் 1977 பொதுத்தேர்தலில் வட இந்தியா காங்கிரஸைத் துடைத்தெறிந்தது. நாம் அப்படி வாக்களிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் அ.தி.மு.க.-காங்கிரஸ் அணிக்கு 39-ல் 34 இடங்கள். ராஜனின் கேரளத்தில் காங்கிரஸ் அணிக்கு 20-க்கு 20. தன் வீட்டுக்குள் வராத துன்பத்தை மக்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு அது இன்றும் வருத்தம் தருகிறது.

நெருக்கடி நிலையில் உயிர் வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அதன் விலையாகத் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது; அவர் ராஜினாமா செய்தார். 1978-ல் வந்த 44-வது திருத்தம், எந்த நெருக்கடியிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று எழுதிவைத்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை ரத்து செய்தது. பழைய தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தவர் ஒய்.வி. சந்திரசூட், அது தவறு என்று 2017-ல் எழுதியவர் அவருடைய மகன்.

இன்னும் சில மாதங்களில் நீங்கள் கையெழுத்துப் போடத் தொடங்குவீர்கள். அளவைப் புத்தகத்தில், பாதுகாப்புச் சான்றிதழில், சோதனை அறிக்கையில், சிலர் அரசுக் கோப்புகளில். அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களும் மறுத்தவர்களும் 1975-ல் என்ன செய்தார்கள் என்பதை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஷா ஆணையம் விரிவாகப் பதிவு செய்தது. அந்த அறிக்கை ஒரு காலத்தில் எங்கு தேடியும் கிடைக்காத நிலைக்குப் போனது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான நம் இரா. செழியன் தன்னிடமிருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து, 2010-ல் மறுபடி நூலாகக் கொண்டுவந்தார். உங்கள் நூலகத்தில் அது இருந்தால் ஊருக்குப் போகும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், அதை வாங்கி வைக்கும்படி துணைவேந்தர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.