கதையிலே சிக்கிய கவர்னர்

(நெய்யூரில் ஆற்றிய உரை)



"ஆங்கில நாவலைப் பற்றியா பேசப் போகிறீர்கள்? லண்டனிலே பனி பெய்தால் நெய்யூரிலே யாருக்கண்ணே குளிரும்?" என்று வரும் வழியில் நண்பரொருவர் கேலி செய்தார். குளிரும் தோழர்களே, குளிரும்!

1859ஆம் ஆண்டு. தென் திருவிதாங்கூர் தீயிலே வெந்த காலம். மார்பை மறைக்கக் குப்பாயம் வேண்டும், தோள்சீலை வேண்டும் என்றார்கள் நம் மூதாட்டிகள். கேட்டது பொன்னல்ல, பொருளல்ல, ஒரு முழத் துணி! அதற்காக அடித்தார்கள், உடுத்ததைக் கிழித்தார்கள், குடியிருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். 1822இல் மூண்ட அந்தப் போர், தணிந்தும் கனன்றும் 37 ஆண்டுகள் நீண்டது. மீட் பாதிரியார் பணியாற்றிய இந்த நெய்யூர் வட்டாரம் அதைக் கண்ணாரக் கண்டது.

முறையீடு சென்னைக்குச் சென்றது. அங்கே கவர்னராக வீற்றிருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். அவர் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். 1859 ஜூலை 26இல் ஆணை பிறந்தது. மார்பை மூடலாமாம், ஆனால் மேல்சாதி மாதரைப் போல மூடக்கூடாதாம்! கொடுத்த கையே கிள்ளிய விந்தையைப் பாருங்கள்!

இந்த டிரெவெலியன், சென்னைக்கு வருமுன்பே கதாபாத்திரமாகிவிட்டவர். அந்தோணி டிராலப் எழுதிய 'மூன்று குமாஸ்தாக்கள்' என்ற நாவல் 1857இன் இறுதியில் வெளிவந்தது. அதிலே சர் கிரிகரி ஹார்ட்லைன்ஸ் என்றோர் அதிகாரி; தேர்வு, தேர்வு என்று அலுவலகத்தையே ஆட்டிவைக்கும் ஆசாமி. அவர் டிரெவெலியனேதான் என்று டிராலப்பே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

ஏன் இந்தக் கேலி? சிபாரிசுக்கு வேலை தராதே, போட்டித் தேர்வு வைத்துக் கொடு என்று 1854இல் நார்த்கோட்டுடன் சேர்ந்து அறிக்கை தந்தவர் டிரெவெலியன். டிராலப் தபால் இலாகாவிலே நுழைந்ததோ 1834இல், செல்வாக்கின் துணையால். பத்திரிகையைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். மையைக் கொட்டிக் கறையாக்கினார். கணக்கிலே சோதிப்போம் என்றார்கள், சோதிக்கவேயில்லை. வேலை கிடைத்துவிட்டது! கொல்லைப்புறமாக வந்தவருக்குத் தலைவாசல் கசக்காதா? அருமையான எழுத்தாளர்தான், மறுக்கவில்லை. இந்த வழக்கிலே மட்டும் நான் அவர் பக்கமில்லை. தேர்வுக்கு அஞ்சிக் கல்லூரியை விட்டு ஓடிவந்த நான் இதைச் சொல்வது வேடிக்கைதான்!

டிரெவெலியனை மாலையிட்டு வணங்கவும் நான் சொல்லவில்லை. 1840களில் அயர்லாந்து மக்கள் பஞ்சத்தில் மடிந்தபோது, உதவியை இறுக்கிப் பிடித்ததும் அதே கைதான். ஆனால் அப்பன் பெயரைக் கேளாமல் விடைத்தாளைப் பார் என்ற அந்த ஏற்பாடு, இன்று இந்த ஊர் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அரசுப் பணித் தேர்வுக்காக விளக்கணைக்காமல் படிக்கும் தங்கையைக் கேளுங்கள். அவள் பாட்டிக்குப் பாட்டி, துணிக்காக அடிபட்டவளாக இருக்கலாம்.

அந்த நாவலை நாடகமாக்கும் ஆசை எனக்குண்டு. ஹார்ட்லைன்ஸ் வேடத்துக்கு ஆளும் பார்த்துவிட்டேன். முதற்காட்சியை மட்டும் லண்டனில் வைக்கமாட்டேன். திரை விலகும்போது, கிழிந்த தோள்சீலையைக் கையிலேந்தி, நெய்யூர்ச் சாலையில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.