இரைப்பைக் குழாயும் இல்லத்தார் கடமையும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பக்கவாதத்தால் விழுங்குஞ் சக்தியை இழந்த முதியோர் நம்மவர் இல்லங்களில் உளர். அவருட் சிலருக்கு வைத்தியர்கள் வயிற்றின் வழியே இரைப்பைக்குள் உணவுக்குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்புகின்றனர். வயிற்றை விரியக் கீறாது, எண்டாஸ்கோப்பின் துணையால் இதனைப் பொருத்தும் முறையை 1979-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள கிளீவ்லண்டு நகரில் கௌடரர், பான்ஸ்கி என்னும் இருவர் முதன்முதற் கையாண்டனர். பொருத்துவது சிறிது நேர வேலை. காப்பதோ பல மாத வேலை. ஆதலின் இதன் அபாயங்களை இல்லத்தார் அறிதல் அவசியம்.

முதலாவது, துவாரத்தைச் சுற்றிச் சீழ்பிடித்தல். நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஈரமற ஒற்றுக. சிவப்பு, வீக்கம், துர்நாற்றம், ஜுரம் இவற்றுள் ஒன்று காணினும் வைத்தியரை நாடுக.

இரண்டாவது, கசிவுக்கு அஞ்சி வெளித்தட்டை இறுக்குதல். இறுக்கினால் உள்ளிருக்கும் தட்டு இரத்தவோட்டத்தைத் தடுத்து, மெல்ல இரைப்பைச் சுவரினுள் புதைந்துவிடும். தோலுக்கும் தட்டுக்கும் இடையே அரை முதல் ஒரு செண்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, குழாய் கழன்றுவிடுதல். முதல் நான்கு வாரங்களில் குழாயின் வழி உறுதிப்பட்டிராது. அப்போது நாமே திரும்பச் செருகி உணவு செலுத்தினால், அது இரைப்பைக்கு வெளியே வயிற்றறையிற் பரவி உயிருக்கே கேடு சூழும். வழி உறுதிப்பட்ட பின்னரோ, துவாரம் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். எப்பொழுதாயினும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்க.

நான்காவது, அடைப்பு. உணவுக்கு முன்னும் பின்னும் வெந்நீர் ஆறவைத்துச் செலுத்துக. மருந்துகளை உணவோடு கலத்தல் ஆகாது.

ஐந்தாவது, உணவு மேலெழுந்து சுவாசப்பையிற் புகுதல். ஊட்டும்போதும் பின்னர் ஒரு மணி நேரமும் தலைப்புறம் முப்பது பாகைக்குக் குறையாது உயர்ந்திருக்க வேண்டும். எச்சில் புகுவதைக் குழாய் தடுக்காது. வாயைத் தூய்மையாக வைப்பதும் நம் கடனே.

இறுதியாக ஒன்று. மறதிநோய் முற்றிய பெரியோர்க்குக் குழாய் வைக்காவிடின் பட்டினியிட்ட பாவம் சூழுமென்று மக்கள் கலங்குகின்றனர். அத்தகையோர்க்குக் குழாய் ஆயுளை நீட்டுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் வைத்திய சங்கம் 2014-இல் குழாயை விலக்கி, கையாற் பொறுமையுடன் ஊட்டுதலையே விதந்துரைத்தது. இரண்டு வாய் கஞ்சியேனும் அன்போடு ஊட்டியவர் பட்டினியிட்டவர் ஆகார். பக்கவாதத்தினின்று தேறுவோர்க்கோ குழாய் பேருபகாரம். எவருக்கு எது தகுமென்பதை வைத்தியரோடு கலந்து தீர்மானிக்க.

குழாயைக் காத்துப் பழகிய குடும்பத்தார், புதிதாகப் பொருத்தியவர் இல்லத்துக்குச் சென்று முறைகளைக் கற்பித்தல் நம் சங்கத்துக்கேற்ற தொண்டாகும்.