கிறிஸ்துமஸுக்குக் காவல் வேண்டாம்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சபைகளில் ஒரு பிரசங்கம் தவறாமல் கேட்கிறது. ஸ்டார் இருக்கிறது, கேக் இருக்கிறது, புதுத்துணி இருக்கிறது, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் இருக்கிறது, ஆண்டவரைத்தான் காணோம் என்று போதகர் சொல்கிறார். கேட்கிறவர்கள் குற்றம் செய்தவர்களைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிரசங்கத்துக்கு மறுப்புச் சொல்லத்தான் இன்று இந்த மேடை ஏறியிருக்கிறேன். நானும் விசுவாசிதான். கோயிலுக்குள் இருந்துகொண்டுதான் பேசுகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2021 டிசம்பரில் ஆக்ராவில் சாண்டா கிளாஸின் உருவபொம்மையைக் கொளுத்தினார்கள். இனிப்பைக் காட்டிப் பிள்ளைகளை மதம் மாற்ற வந்தவர் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. நம் போதகர், அந்தத் தாத்தாவிடம் கிறிஸ்து துளிகூட இல்லை என்கிறார். கொளுத்தியவர்கள், அவர் தலை முதல் கால் வரை கிறிஸ்துவின் ஆள் என்கிறார்கள். நேர் எதிரான இரண்டு பேச்சு. ஆனால் முடிவில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன: கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பண்டிகையில் வேலை இல்லை என்ற இடத்துக்கு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கலப்பில்லாத கிறிஸ்துமஸ் என்று ஒன்று எப்போது இருந்தது? நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும்தான் பிறப்பைச் சொல்கிறார்கள். மாற்கு சொல்லவில்லை, யோவான் சொல்லவில்லை. தேதியை நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிஜன், பிறந்தநாள் கொண்டாடுவது பார்வோனும் ஏரோதும் செய்த வேலை என்று அதை வெறுத்து எழுதினார். ரோமாபுரியில் டிசம்பர் 25 என்று குறித்துவைத்த மிகப் பழைய பதிவு 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. நாம் கட்டுகிற குடிலும் பெத்லகேமிலிருந்து நேராக வந்துவிடவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, ஏழைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று செய்து காட்டியது அது. சபை சொல்லிக்கொடுத்ததும் சனங்கள் கொண்டுவந்ததும் கலந்துதான் இந்தப் பண்டிகை வளர்ந்திருக்கிறது. எது சுத்தம், எது கலப்பு என்று பிரிக்கப் புறப்பட்டால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பிரித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், தோழர்களே. 1647இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ஒழித்துச் சட்டம் போட்டது. போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், பியூரிட்டன்கள் என்ற தீவிரக் கிறிஸ்தவர்கள். வேதத்தில் இல்லாத பண்டிகை, குடியும் கூத்துமான பண்டிகை, ஆகவே வேண்டாம் என்றார்கள். அந்த டிசம்பரில் கான்டர்பரி நகரில், வழக்கம்போல் கடை திற என்று அதிகாரிகள் சொன்னபோது மக்கள் கலகத்தில் இறங்கினார்கள். கடல் கடந்து மாசசூசெட்ஸ் போன பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். 1681இல் அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டியதாயிற்று. எதிர்த் திசையிலிருந்தும் தடுத்துப் பார்த்தார்கள். சோவியத் நாட்டில் கிறிஸ்துமஸ் மரத்தை ஒதுக்கிவைத்தார்கள். 1935இல் புத்தாண்டு மரம் என்ற பெயரில் அதே மரத்தைத் திரும்ப வீட்டுக்குள் விட்டார்கள். கியூபாவில் கரும்பு அறுவடைக்கு இடைஞ்சல் என்று 1969இல் விடுமுறையை எடுத்தார்கள். 1997இல் திருப்பிக் கொடுத்தார்கள். வேதத்தின் பெயரால் தடுத்தவர்களும் தோற்றார்கள், புரட்சியின் பெயரால் தடுத்தவர்களும் தோற்றார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வருகின்றன. அந்தத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று டிசம்பரில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் வைத்து அனுப்புகிறோம். அந்த வீட்டுப் பையன், எனக்கும் ஒரு ஸ்டார் வாங்கித் தா என்று அம்மாவிடம் அடம்பிடித்துத் தன் வீட்டு வாசலில் மாட்டுகிறான். அவன் ஞானஸ்நானம் கேட்கவில்லை. வெளிச்சம் பிடித்திருக்கிறது, மாட்டியிருக்கிறான். இதில் என் விசுவாசத்துக்கு என்ன குறைந்தது? அவனுடைய சாமிக்குத்தான் என்ன குறைந்தது? குழந்தையைத் தேடி முதலில் வந்தவர்களை மத்தேயு எப்படிக் காட்டுகிறார் என்று யோசியுங்கள். கிழக்கிலிருந்து வந்த வேற்று நாட்டு ஞானிகள். வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர்கள். வாசலில் நிறுத்தி, நீ எந்த மதம் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

அப்படியானால் மதச்சார்பற்ற கிறிஸ்துமஸ் எந்த உருவத்தில் வந்தாலும் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. மக்கள் தாமாகச் சேர்ந்து கொண்டாடுவது ஒன்று, அரசாங்கம் குடிலைக் கையில் எடுப்பது வேறு. அமெரிக்காவில் பாட்டக்கெட் என்ற ஊரின் நகர நிர்வாகம், சாண்டாவின் வீடு, கலைமான் வண்டி இவற்றோடு குடிலையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. அரசு இதைச் செய்யலாமா என்று வழக்குப் போனது. 1984இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், செய்யலாம் என்றது. என்ன காரணம் சொல்லி? இது விடுமுறைக் காலத்தின் அடையாளம், மதச்சார்பற்ற நோக்கம் உடையது என்று. நகரம் வென்றது. ஆனால் மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர்களில் ஒருவரான நீதிபதி பிளாக்மன், இந்த வெற்றி குடிலின் பொருளையே உறிஞ்சிவிட்டது என்ற கருத்தில் எழுதினார். எவ்வளவு சரியான வார்த்தை! மாட்டுத்தொழுவத்தில் தெய்வம் பிறந்தது என்று நம்புகிற நான், அந்தத் தொழுவம் அரசாங்க அலங்காரப் பொருளாவதை எப்படிக் கொண்டாடுவேன்? எதிர்வீட்டுப் பையன் மாட்டுகிற ஸ்டார் அன்பு. அதிகாரம் மாட்டுகிற ஸ்டாருக்கு ஒரு கணக்கு இருக்கும். நம் ஊரிலும் டிசம்பர் தோறும் கட்சிகள் கேக் வெட்டுகின்றன. வெட்டட்டும், நல்லிணக்கம் பேசட்டும், நாமும் போய் நன்றி சொல்லுவோம். ஆனால் அந்தக் கேக்குக்காக நாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வந்துவிடக் கூடாது.

இனி அந்தப் பிரசங்கத்துக்கே திரும்புகிறேன். கிறிஸ்துவைக் காணோம் என்கிறீர்களே ஐயா, எங்கே தொலைத்தோம்? துணிக்கடையிலா, பேக்கரியிலா? வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலைப் பற்றி இங்கே வந்திருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே பீடம், சாதிக்கு ஒரு பக்கம் உட்கார இரண்டு நடைக்கூடங்கள், நடுவில் சுவர். 1910இல் அந்தச் சுவரை இடித்தபோது, அதை எதிர்த்து வழக்குக்குப் போனவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். திருச்சியில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே சாதிச் சுவர் நின்றது. செத்தவர்களைக்கூடப் பிரித்துப் புதைத்த சபைக்குள், கேக்கினால் கிறிஸ்து தொலைந்துபோனார் என்று பேச நமக்கு எப்படி வாய் வருகிறது?

கேளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டம், கீழவெண்மணி. நெற்கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட தலித் கூலித் தொழிலாளர்களின் சேரிக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் புகுந்தார்கள். பயந்து ஒரே குடிசைக்குள் ஒடுங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தீ வைத்தார்கள். 44 பேர். தமிழ்நாடெங்கும் கோயில்களில், ஏழைக் குழந்தையாய்ப் பிறந்தவரைப் பாடிய அதே நாளின் இரவு அது. ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் அவர்களுக்குச் செங்கொடித் தோழர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். கடவுள் இல்லை என்று சொல்கிறவர்கள் அவர்களில் பலர். எரிந்த குடிசையை அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் அந்த நாளிலேயே அதை மறந்திருக்கிறோம். இதில் எது மதக் கிறிஸ்துமஸ், எது உலகக் கிறிஸ்துமஸ்? எனக்குக் கோடு போடத் தெரியவில்லை, போடவும் மனமில்லை. பசித்தவர்கள் நிறைவடைவார்கள் என்ற பொருளில் மரியாள் பாடியதாக லூக்கா எழுதியிருக்கிறாரே, அந்தப் பாட்டு வெண்மணியில் கேட்ட கூலி நெல்லைப் பற்றியதும்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஸ்டார் மாட்டுகிற எந்தப் பிள்ளையையும், எந்த மதமானாலும், தடுக்காதீர்கள். தடுக்க யார் வந்தாலும் விடாதீர்கள். வருகிற 25ஆம் தேதி ஆராதனையில் வெண்மணியின் 44 பேரையும் நினைத்து ஜெபிக்க வேண்டும் என்று உங்கள் போதகரிடம், பங்குத்தந்தையிடம் இன்றே போய்க் கேளுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இருந்தால், அடுத்த கிறிஸ்துமஸ் வருவதற்குள் அதை ஒன்றாக்க இந்த மேடைக்குக் கீழேயே இன்றிரவு ஒரு குழு அமையுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.