தட்டில் எஞ்சும் நிறம்: தாவர நிறமிகளும் இதய நலமும் (மாநாட்டுத் தலைமையுரை)

தாவர உணவுகளுக்கு நிறம் தரும் பொருள்கள் இதயத்துக்கும், உண்டதைச் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் ஆற்றலாகவும் மாற்றிக் கையாளும் வளர்சிதை மாற்றத்துக்கும் எந்த அளவுக்குத் துணை நிற்கின்றன என்பதே இம்மாநாட்டின் பொருள். கடந்த 30 ஆண்டுச் சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், நிறமி உணவோடு உணவாக உட்கொள்ளப்பட்டபோது ஒருவகை முடிவும், பிரித்தெடுக்கப்பட்டு மாத்திரையாக உட்கொள்ளப்பட்டபோது வேறுவகை முடிவும் கிடைத்திருப்பது தெரியும்; இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே இத்துறையின் முதற்கடமை என்பது இவ்வுரையின் நிலைப்பாடு.

பச்சையம் ஒருபுறம் இருக்க, உணவில் மிகுதியாகப் பேசப்படும் நிறமிக் குடும்பங்கள் மூன்று. கேரட், தக்காளி, பரங்கி ஆகியவற்றின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. நாவல்பழம், கத்தரித்தோல், கறுப்புக் கவுனி அரிசி ஆகியவற்றின் ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின்கள் நீரில் கரைபவை, புளிப்பில் சிவந்தும் காரத்தில் நீலம் பாய்ந்தும் மாறுபவை. பீட்ரூட்டுக்கும் சிவப்புத் தண்டுக்கீரைக்கும் நிறம் தருபவை பீட்டலைன்கள். ஆந்தோசயனினும் பீட்டலைனும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை. எனவே கவுனியின் ஊதாவையும் கீரையின் செம்மையையும் ஒரே பொருளாகக் கருதி ஒன்றின் ஆய்வு முடிவை மற்றதன்மேல் ஏற்றிச் சொல்வது, விளம்பரங்களில் அன்றாடம் நடப்பதாயினும், அறிவியலுக்குப் பொருந்தாது.

கரோட்டின் 1831-ஆம் ஆண்டு கேரட்டிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பீட்டா கரோட்டின் உடலுக்குள் வைட்டமின் ஏ-யாக மாறுகிறது என்பதை 1930-இல் தாமஸ் மூர் நிறுவினார். இரத்தத்தில் கரோட்டின் மிகுந்தவர்களுக்கு நோய்கள் குறைவு என்று பின்னாளில் மக்கள்தொகை ஆய்வுகள் தொடர்ந்து காட்டவே, அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கும் பெரும் முயற்சிகள் தொடங்கின. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாகவே காணப்பட்டது. அமெரிக்காவில் புகைபிடிப்போரிடமும் கல்நார்த் தொழிலாளரிடமும் நடந்த மற்றோர் ஆய்வு, இதே போக்குத் தெரிந்ததால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு வெளியான, 22,071 ஆண் மருத்துவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில் இதயநோயிலும் புற்றுநோயிலும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இம்முடிவுகளால் கேரட்டுக்கு எந்தக் குற்றமும் வந்துவிடவில்லை. இரத்தத்திலிருந்த கரோட்டின், காய்கறி மிகுதியாக உண்ணும் ஒருவரின் மொத்த உணவுக்கும் வாழ்க்கை முறைக்கும் அடையாளமாக நின்றிருக்கிறது; அந்த அடையாளத்தையே காரணமாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. சோதனைக்குழாயில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை உணவின் மதிப்பாகக் காட்டிய தன் பட்டியலை, உடலுக்குள் நிகழ்வதை அது காட்டவில்லை என்று கண்டு, அமெரிக்க வேளாண் துறை 2012-இல் விலக்கிக்கொண்டதும் இங்கே கருதத்தக்கது.

ஆந்தோசயனின்களின் நிலை இதைவிட நம்பிக்கை தருவது. அமெரிக்கச் செவிலியர் 93,600 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஆந்தோசயனினை மிகுதியாக உட்கொண்ட இளவயது, நடுவயதுப் பெண்களுக்கு மாரடைப்பு இடர் 32 விழுக்காடு குறைவாக இருந்தது. இது நோக்கீட்டு ஆய்வு, அதாவது உண்பவரை உள்ளபடி கவனித்து எழுதுவது. ஆகவே காரணத்தை இது மட்டும் நிறுவிவிடாது. வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆறு மாதம் நாள்தோறும் ஒரு கோப்பைக்கு ஈடான அவுரிநெல்லிப் பொடியைக் கொடுத்து 2019-இல் வெளியான ஆய்வில், இரத்தக்குழாய்கள் தேவைக்கேற்ப விரியும் திறன் மேம்பட்டது. ஆனால் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையாகிய இன்சுலின் எதிர்ப்பு மாறவில்லை. இதயத்துக்குக் கிடைத்த பயனைச் சர்க்கரை நோய்க்கும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு. மேலும், உண்ட ஆந்தோசயனின் அதே வடிவில் இரத்தத்தை எட்டுவது மிகச் சிறிதளவே. பெரும்பகுதி குடல் நுண்ணுயிர்களால் எளிய அமிலங்களாகச் சிதைக்கப்பட்ட பின்னரே உடலில் சுற்றுகிறது. இரத்தக்குழாயின் உட்படலத்தில் செயல்படுவது நிறமியா, நிறமிழந்த அதன் சிதைபொருள்களா என்ற வினாவுக்கு இம்மாநாட்டின் அமர்வுகள் உரிய நேரம் ஒதுக்க வேண்டும்.

பீட்ரூட் இன்னும் கடுமையான பாடத்தைத் தருகிறது. அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த நலமான தன்னார்வலர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் எண் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்ததாக 2008-இல் லண்டன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். சாற்றின் செந்நிறத்துக்கே இப்பெருமையைக் கொடுக்கத் தோன்றும். ஆனால் வேலை செய்தது நைட்ரேட். அது உமிழ்நீரில் மீண்டும் சுரந்து, நாக்கிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகி, உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. உமிழ்நீரை விழுங்காமல் துப்பியபோது அழுத்தம் குறையவில்லை. பின்னர், 2015-இல் வெளியான ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் சாறு கொடுக்கப்பட்டபோது, நிறமும் சுவையும் அப்படியே இருக்க நைட்ரேட் மட்டும் நீக்கப்பட்ட சாறு ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது. நைட்ரேட் உள்ள சாறு அழுத்தத்தைக் குறைத்தது, நிறம் மட்டும் உள்ள சாறு குறைக்கவில்லை. நிறமி ஆய்வுகள் அனைத்துக்கும் இத்தகைய ஒப்பீடு கட்டாயம் என்பதை இங்கு வலியுறுத்தியே ஆக வேண்டும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் மதிப்பிட்ட நிலையில், இவ்வாய்வுகள் நம் அடுப்படிக்கு வந்தாக வேண்டும். கறுப்புக் கவுனியின் நிறமி முழுவதும் தவிட்டுப் படலத்தில் இருக்கிறது. இரவு ஊறவைத்த அரிசியின் நீர் காலையில் கருஞ்சிவப்பாகத் தெரிவது நிறமி வெளியேறியதையே காட்டுகிறது, அந்நீரைக் கொட்டிவிடுவதும் அதிலேயே வேகவைப்பதும் ஒன்றல்ல. வெந்த கவுனியில் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உண்ணும் செட்டிநாட்டு மரபு போற்றத்தக்கதே. எனினும் நீரிழிவு உள்ளவருக்கு அந்த இனிப்பை மருந்தென்று பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது. தக்காளித் தொக்கு சுண்டும்போது வாணலியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் எண்ணெயின் செந்நிறத்தில் மிளகாயின் நிறமியோடு தக்காளியின் நிறமியாகிய லைக்கோபீனும் உண்டு. சூடும் எண்ணெயும் லைக்கோபீனை உடல் ஏற்க உதவுகின்றன என்பது உறுதிப்பட்ட செய்தியாதலால், தொக்கின் உப்பையும் எண்ணெயையும் எவ்வளவு குறைத்து அப்பயனைப் பெறலாம் என்பது ஆராயத்தக்க கேள்வி. மஞ்சளில் அதன் நிறமியாகிய குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். மிளகின் பைபரின் அதன் உறிஞ்சலை 20 மடங்கு உயர்த்தியதாக 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டியபோது அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது.

எனவே இங்கு படிக்கப்படும் கட்டுரைகள், பச்சைக் காய்க்கும் தானியத்துக்கும் உரிய நிறமி அளவோடு நின்றுவிடாமல், ஊறவைத்து, வேகவைத்து, வடித்து, தாளித்து இலையில் பரிமாறிய பின் எஞ்சும் அளவையும் சமைத்த முறையோடு சேர்த்துத் தர வேண்டும் என்று இவ்வுரை கேட்டுக்கொள்கிறது. தீட்டாத கவுனியையும், அதே அளவு நார்ச்சத்து உள்ள, ஆனால் நிறமற்ற தீட்டாத அரிசியையும் ஒரே குழுவினருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, உணவுக்குப் பிந்தைய சர்க்கரையையும் இரத்தக்குழாய் விரிவையும் அளக்கும் ஆய்வைத் திட்டமிடுவதற்குத் தேவையான வேளாண்மையரும் மருத்துவரும் உணவியலாளரும் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கின்றனர். மாநாடு முடியுமுன் அதற்கான குழுவை அமைத்துவிட இயலும்.