தன் குறை அறிதல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் குடியேறி வாழும் இப்புனே நகரம் கல்விக்குப் பெயர் பெற்றது. படைவீரர்க்கும் உடற்பயிற்சிக்கும் அவ்வளவே பெயர் பெற்றது. 2001-ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய இராணுவ விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் குத்துச்சண்டையும் கற்பிக்கப்படுகிறது. அக்கலை தமிழர்க்கும் புதிதன்று. வடசென்னை அதனைப் போற்றி வளர்த்தது. நம் தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இன்று நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலரும் கையுறை அணியத் தொடங்கியுள்ளனர். ஆதலின், வீரர்கள் தம் குறைகளை ஆராயும் முறையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் மும்மூன்று நிமிடங்களாக மூன்று சுற்றுகள். இடையே ஒவ்வொரு நிமிட ஓய்வு. அந்த ஒன்பது நிமிடங்களுக்குள் ஒருவனுடைய குறைகள் யாவும் வெளிப்பட்டுவிடுகின்றன. ஒருவன் குத்திய கையை முகத்தருகே மீட்காமல் தாழவிடுகிறான். ஒருவன் அடி வரும்போது கண்களை மூடிக்கொள்கிறான். ஒருவன் பக்கவாட்டில் விலகாமல் நேர் பின்னே சென்று கயிற்றில் சாய்கிறான். மற்றொருவன் முதற்சுற்றிலேயே வலிமையெல்லாம் செலவிட்டு, மூன்றாம் சுற்றில் கால் தளர்கிறான். சண்டையின் நடுவே இவற்றைத் தானே காண்பது அரிது. பயிற்சியாளர் சுட்டும்போதும், பின்னர்ப் படப்பதிவில் காணும்போதும்தான் உண்மை புலனாகிறது.

இராணுவ வீரரான அமித் பங்கால் 2019-இல் எகத்தெரின்பர்க் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இந்திய ஆடவருள் அப்பெருமை முதலில் அவருக்கே கிட்டியது. ஆயினும் இறுதிப் போட்டியில் உஸ்பெக் வீரர் சொய்ரோவிடம் தோற்றபின், தம் குத்துகளில் வலிமை போதவில்லை என்று தாமே எடுத்துரைத்தார். 2021-இல் டோக்கியோவில் முதற்சுற்றில் முந்தியும், பின்னர்த் தளர்ந்து, கொலம்பிய வீரர் மார்ட்டினெசிடம் தோற்றார். மறு ஆண்டே பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார்.

வள்ளுவர் 'வலியறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். தன் வலியை அறிய முற்படுபவன் தன் மெலிவையும் அறிந்தாக வேண்டும்.

ஆனால் மெலிவு இருவகைப்படும். ஒன்று பயிற்சியால் திருந்துவது. தாழும் கை அத்தகையது. மற்றொன்று நாம் பணிந்தே தீர வேண்டியது. தலையில் அடிபட்டபின் தோன்றும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவை இவ்வகையின. அந்நிலையில் மீண்டும் மேடையேறுதல் வீரமன்று. மூளைக்குத் தேடும் பெருங்கேடு. மருத்துவர் இசைவு தரும்வரை ஒதுங்கியிருத்தலே முறை. எடையைக் குறைக்க வேண்டித் தண்ணீரையும் மறுத்து உடலை வாட்டுவதும் தீங்கே.

இவற்றைப் பிள்ளைகள் மறைப்பதுண்டு. வீட்டில் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவர் என்ற அச்சம் ஒருபுறம். தோழர் 'பயந்தாங்கொள்ளி' என நகைப்பர் என்ற வெட்கம் ஒருபுறம். இவ்விரண்டையும் போக்குதல் பெற்றோர் கடமை.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வீரன் தன் மூலைக்குத் திரும்புகிறான். அங்கே அவனுக்கு இருக்கை உண்டு, தண்ணீர் உண்டு, குறையை ஒளிக்காமல் எடுத்துரைக்கும் ஒருவர் உண்டு. வேண்டுமாயின் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தவும் அவர் தயங்கமாட்டார். தோற்று வந்தான் என்று ஏசும் இடமன்று அது.

நம் இல்லங்களும் அத்தகைய மூலைகளாகத் திகழ வேண்டும். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, மைதானத்தில் ஒரு மொழி என வாழும் நம் பிள்ளை, "எனக்கு இது முடியவில்லை, இங்கே வலிக்கிறது" என்று தாய்மொழியில் சொல்வதற்கு வேறு இடம் ஏது? அச்சொல் அவன் வாயினின்று வரும்போது முதலில் செவிசாய்ப்போம். திருத்துவதைப் பின்னர்ச் செய்வோம்.

வாழ்க நம் இளைஞர்!