வேவுக்கு வேலி எங்கே?

(ஒட்டுசுட்டானில் விவசாயப் பெருமக்களும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு வேலி என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. காணி உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கலாம். வேலி இல்லாத பயிரோ மாட்டுக்கும் யானைக்கும் உரியதாகிவிடும். அரசாங்கத்தின் கண்ணுக்கும் காதுக்கும் எதிரே நமது வீட்டையும் வாழ்வையும் சுற்றி இந்நாட்டுச் சட்டம் ஏதேனும் வேலி அடைத்திருக்கிறதா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டே வந்திருக்கிறோம். அங்கே கதியால்கூட ஒழுங்காக நடப்படவில்லை.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகிறது. பேசலாம், கூடலாம், நடமாடலாம் என்றெல்லாம் அதில் உண்டு. அந்தரங்க உரிமை என்று ஒன்று அதில் இல்லை. 2015 இல் வந்த 19 ஆவது திருத்தத்தில் அந்தரங்கம் என்ற சொல் நுழைந்தது உண்மையே. ஆனால் அது உரிமையாக நுழையவில்லை. தகவல் தர மறுப்பதற்கான காரணங்களுள் ஒன்றாக நுழைந்தது! 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பிறர் பேச்சை இடைமறிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நல்லதே. எனினும் அரசியலமைப்பில் வேர் இல்லாத பாதுகாப்பை இன்னொரு சாதாரணச் சட்டம் ஒரு மாலைப்பொழுதில் பிடுங்கி எறிந்துவிடலாம்.

நெல்லுக்கு விலையில்லை, பிள்ளைக்கு வேலையில்லை, இந்நிலையில் அந்தரங்கம் என்பது கொழும்பில் படித்தவர்களின் கவலையல்லவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் தத்துவம் சொல்லப் போவதில்லை. பட்டியல்களின் கதையைச் சொல்லுகிறோம்.

வாக்காளர் இடாப்பு வாக்களிப்பதற்காகவே எழுதப்படுகிறது. கிராம அலுவலர் கேட்டார். நாமும் மனமுவந்து பெயர் கொடுத்தோம். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் அந்த இடாப்பு காடையர் கையில் இருந்தது. எந்த இலக்கத்து வீடு தமிழன் வீடு என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. கொடுத்தவரும் தவறு செய்யவில்லை. பட்டியல் கைமாறியது. அவ்வளவுதான்.

அடையாள அட்டையைப் பாருங்கள். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த அந்த அட்டை ஆளை அடையாளம் காண்பதற்கென்றே சொல்லப்பட்டது. ஆயினும் நெடுங்காலம் வடக்குக் கிழக்கில் வழங்கிய அட்டைகளில் மட்டுமே சிங்களத்தோடு தமிழும் இருந்தது. சோதனைச் சாவடியில் நிற்பவன் பெயரைப் படிக்கத் தேவையில்லை. எழுத்தைக் கண்டாலே போதும். நமது தாய்மொழியே நம்மைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையாக நம் சட்டைப் பையில் கிடந்தது.

2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் தட்டி எழுப்பப்பட்டனர். மருத்துவத்துக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் வந்தவர்கள் அவர்கள். முன்னூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே இடைக்காலத் தடை கிடைத்தது. நீதிமன்றம் காத்தது என்று மகிழலாம். ஆனால் பஸ் புறப்பட்ட பின்பே தடை வந்தது என்பதையும் மறக்கலாகாது.

2009 க்குப் பின் நடந்ததை இம்மண்ணில் உள்ளோர்க்கு நாம் சொல்ல வேண்டுமா? முகாமில் பதிவு, மீள்குடியேற்றத்தில் பதிவு, குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் படம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வீடு வீடாக இராணுவம் நடத்திய பதிவுக்கு எதிராகத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். 2011 மார்ச்சில் அப்பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் உயர் நீதிமன்றில் உறுதியளித்தார். எழுதக் கூடாது என்று உறுதி தந்தார்கள். எழுதிய ஏடுகளை என்ன செய்வது என்பதுபற்றி யார் உறுதி தந்தார்கள்?

அன்று ஒரு பட்டியல் பொலிஸ் நிலையத்தில், இன்னொன்று முகாமில், வேறொன்று கச்சேரியில் கிடந்தது. ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. அந்த அறியாமையே நமக்கு ஓரளவு பாதுகாப்பாக இருந்தது. இன்று அந்த ஏடுகள் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொள்கின்றன. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது க்யூஆர் குறியீட்டைக் காட்டியே டீசலும் பெற்றோலும் பெற்றோம். எந்த வாகனம், எந்த நிலையம், எந்த நாள், எத்தனை லீற்றர் என்பதெல்லாம் இயந்திரத்தில் பதிவாயின. 2023 செப்டெம்பரில் அம்முறை முடிந்தது. அஸ்வெசுமவுக்காகக் கூரை எதனால் ஆனது, கிணறு உண்டா என்பதுவரை சொன்னோம். கைத்தொலைபேசியின் சிம் அட்டை அடையாள அட்டை இலக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. நாம் பேசாதபோதும் அந்தக் கருவி அருகிலுள்ள கோபுரத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அதை வைத்திருப்பவர் மாங்குளத்தில் நின்றாரா முல்லைத்தீவில் நின்றாரா என்பது கம்பனியின் பதிவேட்டில் உண்டு. இவற்றையெல்லாம் ஒரே இலக்கத்தில் கோக்கக்கூடியது எண்ணிம அடையாள அட்டைத் திட்டம். முகம், கைரேகை, கருவிழி ஆகியவற்றை அது கேட்கிறது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம். கருவிழி திருடுபோனால் எதை மாற்றுவது?

இந்த இயந்திரத்துக்குப் பணம் தருவது இந்தியா. 2022 இல் உடன்பாடு செய்து, 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபாவை முற்பணமாகக் கொடுத்தது. அதே இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகிறோம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941 இல் கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டுச் சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். விடுவித்த பொலிசாரே அவர் பெயரில் ஒரு கோவையைத் திறந்துகொண்டார்கள். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவர். ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பர். சில வேளை நிலையத்துக்கும் அழைப்பர். வன்னியில் இருப்போர்க்கு இது வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. 1962 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இரவில் வீட்டுக்கு வருவது செல்லாது என்றது. ஆனால் அந்தரங்கம் அரசியலமைப்பு தரும் உரிமையன்று என்றும் கூறிவிட்டது. அந்த வேவு முறை முழுவதுமே செல்லாது என்று நீதியரசர் சுப்பாராவும் நீதியரசர் ஷாவும் மாறுபட்டு எழுதினார்கள். சிறுபான்மைத் தீர்ப்பாகக் கிடந்த அக்கருத்து 54 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதியரசர்கள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தார்கள். மறு ஆண்டு ஆதார் நிலைத்தது. எனினும் தனியார் கம்பனிகள் அதைக் கட்டாயப்படுத்திக் கேட்கும் வாயில் அடைக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பை நம் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டலாம். அது நம் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆக, இயந்திரம் கடல் கடந்து வருகிறது, தீர்ப்பு வரவில்லை. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இங்கே நிறைவேறியது. அதன் முதன்மையான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்றார்கள், பின்னர் பிற்போட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979 இல் தற்காலிகம் என்று வந்து 1982 இல் நிரந்தரமானது! காக்கும் சட்டம் பிந்துவதும் தாக்கும் சட்டம் முந்துவதும் இந்நாட்டு வழக்கம் போலும்.

இதனால் கெடுவது எது? முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 மார்ச் முதல் தொடர்ந்து போராடினார்கள். பாதிக்கப்பட்டோரும் அவர்களுக்காகக் குரல் கொடுப்போரும் கடுமையாகக் கண்காணிக்கப்படுவதை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையாளரின் 2021 அறிக்கை எடுத்துரைத்தது. பிள்ளையைத் தேடும் தாய்க்கு அஞ்சுவதற்கு இனி என்ன இருக்கிறது? அவள் அஞ்சமாட்டாள். ஆனால் அவளுக்கு அருகே வந்து நிற்க நினைக்கும் ஆசிரியர் அஞ்சுகிறார், வைத்தியர் அஞ்சுகிறார். ஒரு கமக்கார அமைப்பின் கூட்டம் முடிந்ததும், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று செயலாளரிடம் ஒருவர் விசாரிக்கிறார். சீருடை இல்லை, பெயரும் சொல்வதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வருவோர் பாதியாகக் குறைகிறார்கள். ஒருவரையும் கைது செய்யாமலே ஓர் அமைப்பைக் கலைத்துவிடும் வழி இது.

அட்டையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காணாமற்போன பிறப்புச் சான்றிதழுக்காக எத்தனை கச்சேரி வாசலில் நம் மக்கள் காத்துக் கிடந்தார்கள் என்பதை நாம் அறிவோம். பதிவு ஒழுங்காக இருப்பது ஏழைக்கும் நன்மையே. நாம் கேட்பது, அந்தரங்கம் அரசியலமைப்பில் உரிமையாக எழுதப்பட வேண்டும் என்பது. ஒருவரைக் கண்காணிப்பதற்கு முன் நீதவானின் கட்டளை பெற வேண்டும். அமைச்சரின் கையொப்பம் அதற்கு ஈடாகாது. நலன்புரிக்காகப் பெற்ற விபரம் புலனாய்வுக்குப் போகலாகாது. இராணுவம் குடிமக்களைப் பதிவு செய்யலாகாது. இவை கிடைக்கும்வரை கருவிழியைக் கேட்பதற்கு இந்த அரசுக்கு உரிமை பிறக்கவில்லை என்பதே நமது நிலைப்பாடு.

பாராளுமன்றம் செய்யும்வரை கைகட்டி இருக்கவும் தேவையில்லை. விபரம் கேட்டு வருபவரிடம் பெயர், பதவி, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். திகதியோடு கொப்பியில் எழுதிவையுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்களைப்பற்றி எந்த அலுவலகத்தில் என்ன பதிவு இருக்கிறதென்று தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று சில இடங்களில் மறுப்பார்கள், மறுக்கட்டும். அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யவும், வேண்டின் நீதிமன்றம் போகவும் அந்த ஒரு தாள் நமக்குப் போதும்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசைக்கு வாருங்கள். கடதாசியும் எழுதுவதற்குச் சட்டத்தரணிகள் இருவரும் இருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. தொலைவிலிருந்து வந்தவர்கள் முதலில் வரட்டும். கடைசி பஸ்ஸுக்கு அவர்கள் போக வேண்டும்.