ஆவியாகாத உப்பு

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் சாதாரண அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்புகளும் உண்டு. அவற்றுக்குச் சூரிய மின்கலத்தில் வேலை கிடைத்தது.

1991-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய மைக்கேல் கிரெட்செலும் பிரையன் ஓ'ரீகனும் சாயத்தால் இயங்கும் மின்கலத்தை அறிவித்தார்கள். அதன் அடித்தளம், வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. அந்த நுண்துகள்களில் சாயம் ஒட்டியிருக்கும். வெயில் பட்டதும் சாயம் எலெக்ட்ரானை இழக்கும். இழந்ததை மீட்டுக் கொடுப்பது, அயோடைடு கரைந்த திரவம்.

வில்லங்கம் அந்தத் திரவத்தில்தான். கரைப்பானாகப் பயன்பட்ட அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். காலமெல்லாம் வெயிலில் கிடக்க வேண்டிய பொருளுக்கு இது சரிவருமா? மூட்டு லேசாக விட்டால் போதும், திரவம் காற்றோடு போய்விடும்.

தொடக்கத்தில் சொன்ன திரவ உப்பு வகையைச் சேர்ந்த இமிடசோலியம் அயோடைடு உப்புகள் அப்படியல்ல. அவற்றின் அயனிகள் பெரியவை, கோணலானவை. ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாததால் எளிதில் உருகும், ஆவியாவதோ மிக அரிது. ஆனால் தேன் போன்ற பிசுபிசுப்பு, மின்னூட்டத்தின் நடையைத் தளர்த்தியது.

அதற்கும் வழி பிறந்தது. தனித்தனியே திடமாக இருக்கும் மூன்று உப்புகளைக் கலந்தால் கலவை உருகி நிற்கும். கரைப்பானே இல்லாத இந்த உருகலால் 2008-ல் 8.2 சதவீதத் திறன் எட்டப்பட்டது.

கூரைகளில் இன்றும் சிலிக்கனின் ஆட்சிதான். கிரெட்செலின் வண்ணக் கண்ணாடி மின்கலங்களைப் பார்க்க, லோசானில் 2014-ல் திறந்த மாநாட்டு மையத்தின் முகப்புக்குப் போகலாம்.